நாலு இழுப்பு

1

என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. கப்பலுக்கு அடியில் பயந்துபோய், சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வந்து, காதைக் கெடுத்துக்கொண்டவன் என்று. அந்தப் பேச்சைப் பேசுகிறவர்கள் படிப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்துப் பழக்கம் இல்லை. எட்டாவதோடு சரி. ஆனால் எனக்காக இதை வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

நான் இருப்பது ஃபுஜைரா. துபாய்க்குப் பின்பக்கம், மலையைத் தாண்டி வந்தால் உள்ள கடல். நீங்கள் படத்தில் பார்க்கிற உயரக் கட்டடங்கள் இங்கே குறைவு. கறுத்த மலை, ரோடு, கடல். தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் வரிசையாக நிற்கும். சனி, ஞாயிறு ஆனால் துபாயிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் ஆட்கள் கார் போட்டு வருவார்கள். முதுகில் சிலிண்டர் மாட்டி, தண்ணீருக்குள் போய் மீன் பார்ப்பதற்கு. ஸ்கூபா. அந்த மாதிரி ஒரு கடையில் நான் போட் ஓட்டுகிறேன்.

கடை ஆபீஸில் சுவர் நிறைய கரீபியன் கடல் படம் ஒட்டியிருக்கிறது. பச்சைத் தண்ணீர், சாய்ந்த தென்னை, வெள்ளை மணல். வருகிறவர்கள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு எங்கள் கடலில் இறங்குவார்கள். எங்கள் கடல் அவ்வளவு பச்சை இல்லை. மீன் உண்டு, ஆமை உண்டு. யாரும் திட்டிக்கொண்டு ஏறியதில்லை.

மகள் ஜெசிக்குப் பதிமூன்று வயது. இங்கேயே வளர்ந்தவள். அவளும் ஸ்கூபா படிக்க ஆசைப்பட்டாள். ஸ்டாஃப் பிள்ளை என்று முதலாளி சேர்த்துக்கொண்டார். முதலில் நீச்சல் குளத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். பிறகுதான் கடல். குளத்து வகுப்பு முடிந்து வந்த ஒரு சாயந்திரம், சாப்பிடும்போது சொன்னாள்.

"அப்பா, தண்ணிக்குள்ள பேனிக் ஆகவே கூடாதுன்னு மிஸ் சொன்னாங்க. ஸ்டாப், ப்ரீத், திங்க். அப்புறம்தான் ஆக்ட் பண்ணணும்."

"சரி."

"நீங்க பேனிக் ஆனீங்கல்ல, அதான் உங்க இயர் போச்சு."

"யார் சொன்னா?"

"மாமா. லாஸ்ட் கிறிஸ்மஸ்ல. இட்ஸ் ஓகேப்பா. எல்லாருக்கும் வர்றதுதான்."

என் மனைவி ரெஜினா குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன். கையைக் கழுவினேன்.

ஊர் பேசியதைப் பொறுத்தேன். கம்பெனி கேம்ப்பில் கூடத் தங்கியவர்கள் சிரித்ததைப் பொறுத்தேன். என் மகள் என்னை மன்னித்துவிட்டாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

2

மாமா என்று அவள் சொன்னது ரெஜினாவின் அண்ணன் கித்தேரியான். எனக்கு மச்சான்.

எங்கள் கரையில் சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே போகிறவன் இடுப்புக் கயிற்றையும் காற்றுக் குழாயையும் மேலே ஒருவன் பார்த்துக்கொள்வான். அவன் மச்சானாக இருக்க வேண்டும். கூடப் பிறந்தவன் கையில்கூடக் கொடுக்க மாட்டோம். கூடப் பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு உண்டு. மச்சானுக்குத் தங்கச்சி உண்டு. தங்கச்சி தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

அந்த வழக்கத்தை நாங்கள் விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்தோம். ஃபுஜைராவில் நிற்கும் கப்பல்களின் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் பிடிக்கும். அதைச் சுரண்டுகிற கம்பெனி ஒன்று எங்கள் பக்கத்து ஆட்களை எடுத்தது. நான் குளியாள், கீழே இறங்குகிறவன். கித்தேரியான் மேலே. யார் யாருக்குக் கயிறு பிடிக்க வேண்டும் என்று ஃபோர்மேன் பிரித்துக் கொடுத்தபோது நானே போய்க் கேட்டு மச்சானை வாங்கிக்கொண்டேன். அப்போது எனக்கும் ரெஜினாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

கயிற்றில் பேச்சு உண்டு. ஒரு தடவை இழுத்தால் நலம். இரண்டு இழுத்தால் கயிறு விடு. நாலு இழுத்தால் தூக்கு, ஆபத்து. இங்கேயும் அதுதான், ஊரிலும் அதுதான்.

அன்று கப்பலுக்கு அடியில் இருந்தேன். வெளிச்சம் கிடையாது. தலைக்கு மேல் இரும்பு, அவ்வளவுதான். காற்று குறைந்தது. இரண்டு மூச்சில் தெரிந்துவிட்டது, மேலே காற்றடிக்கிற கம்ப்ரசர் நின்றுவிட்டது என்று. நாலு இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி நாலு. கயிறு விறைப்பாக இருந்தது. ஆள் பிடித்தால் கயிறு கொஞ்சம் இளகும். இது இளகவில்லை. ஏறிய பிறகுதான் கண்டேன், கித்தேரியான் கயிற்றைப் படகின் கம்பியில் கட்டிவிட்டு, நிழலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான். நான் இழுத்தது கம்பியை. கம்பிக்கு என்ன தெரியும்.

குழாயை உருவிப் போட்டுவிட்டு, கப்பல் வயிற்றைத் தடவித் தடவி வெளியே வந்து ஏறினேன். பாதியில் காதுக்குள் ஏதோ வெடித்தது. ஆஸ்பத்திரியில் அழுத்தப் பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். உயிர் தங்கியது. ஒரு காது போனது.

3

போன் பேசியதை நான் மன்னித்திருப்பேன். அந்த வெயிலில் நின்றால் யாருக்கும் கை மறக்கும். அடுத்து நடந்ததுதான்.

கண்டெய்னர் ஆபீஸில் விசாரணை. சேஃப்டி ஆபீசர் இந்தி பேசுகிறவர். எனக்கு அப்போது இந்தி வராது. கித்தேரியான் எனக்கு முன்னால் வந்தவன், அவனுக்கு வரும். ஆபீசர் கேட்பார், இவன் தமிழில் சொல்வான், நான் சொல்வதை இவன் இந்தியில் சொல்வான்.

"சிக்னல் குடுத்தீரான்னு கேக்காரு."

"நாலு தடவ இழுத்தேன். ரெண்டு வாட்டி. நீரு பிடிக்கல."

அவன் ஆபீசரைப் பார்த்துப் பேசினான். நீளமாகப் பேசினான். அதில் எனக்குக் காதில் நின்றது இரண்டே வார்த்தை. "கப்ரா கயா." ஆபீசர் தலையை ஆட்டினார். கலாஸ், முடிந்தது என்றார். காதில் பஞ்சோடு எழுந்து வெளியே வந்தேன். எனக்காகப் பேசிவிட்டான் என்று நினைத்து, போகும்போது அவன் தோளைத் தொட்டுவிட்டு வந்தேன்.

கேம்ப்பில் என்னைக் கப்ரா பாய் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு திரும்பினேன். ஏதோ செல்லப் பேர் என்று நினைத்தேன். ஒரு நாள் பஸ் ஓட்டும் பாகிஸ்தான்காரனிடம் சைகையில் கேட்டேன், அப்படியென்றால் என்ன என்று. அவன் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையையும் நடுங்குவது போலக் காட்டினான். கண்ணை உருட்டினான். பயந்து புத்தி கலங்கினவன்.

அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நான் நாலு இழுத்தேன் என்று சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் அவன். சாட்சியும் அவன், மொழிபெயர்த்ததும் அவன். அடுத்த வருடம் அவன் சூப்பர்வைசர் ஆனான். என் டைவர் மெடிக்கலில் அன்ஃபிட் என்று முத்திரை விழுந்தது. விசாவில் தொழிலை மாற்ற டைப்பிங் சென்டருக்குப் போனேன். இப்போது என்ன வேலை என்று அங்கே இருந்தவன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவனே ஹெல்பர் என்று அடித்துவிட்டான்.

4

ரெஜினா நர்ஸ் வேலைக்கு வந்து சேர்ந்தாள். அதனால் குடும்பம் நிலைத்தது. இரண்டு பேர் கதையையும் கேட்டாள். இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். எது உண்மை என்று ஒரு நாளும் சொல்லவில்லை. கித்தேரியான் குடும்பம் ஊரில். கிறிஸ்மஸ், ஈஸ்டர், பிள்ளை பிறந்த நாள் என்று எங்கள் வீட்டுக்குத்தான் வருவான். வருவான், சாப்பிடுவான், ஜெசிக்குச் சாக்லேட் கொடுப்பான்.

எனக்குப் போனது இடது காது. அவன் வந்தால் என் இடது பக்கம் உட்காரும்படி நாற்காலி போடுவேன். அவன் பேசுவான். நான் நேரே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை விழாது. எல்லாரும் என்னைப் பேச்சு குறைந்த மனுசன் என்றார்கள். எந்தக் காது போனது என்று கித்தேரியான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு மச்சான் என்று நானும் அவனைக் கூப்பிட்டதில்லை.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. ஜெசி சின்னதில் என் இடது பக்கம்தான் வந்து படுப்பாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அந்தப் பக்கம் சொன்னாள். பதில் வராமல் வராமல், அம்மாவிடம் இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். இப்போது அவள் பேசுவதில் பாதி எனக்கு வலது காதிலும் புரியாது. அதையும் நான் கித்தேரியான் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

5

போன வருடம் அந்தக் கப்பல் சுரண்டுகிற கம்பெனியை மூடிவிட்டார்கள். கித்தேரியானுக்கு விசா முடிய இருந்தது. ரெஜினா என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணன் எங்க போவாவ? ஊருல மூணு பிள்ளைய. உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

"சொல்லுதேன்."

அவள் நம்பவில்லை. இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தாள். நான் முதலாளியிடம் பேசி, என் போட்டிலேயே அவனைப் போட்டேன். கோயிலில் எல்லாரும் பெரிய மனசு என்றார்கள். ஃபாதரும் கையைப் பிடித்தார்.

எங்கள் போட்டில் இன்னொரு ஊர்க்காரன் உண்டு, ராயப்பன். சிலிண்டரில் காற்று நிரப்புகிறவன். பழைய கேம்ப்பில் கூட இருந்தவன். அவன் வாயில் விழுந்தது மறுநாள் எங்கள் மாதா கோயில் வாசலில் கேட்கும்.

"என்ன கப்ரா பாய், மச்சான பக்கத்துலயே வச்சிட்டீரு. பயத்துக்குத் துணையா?"

"ஆமா."

"மூக்கணாங்கயிறு இல்லாத காள மாதிரி நிக்காரு உம்ம மச்சான். என்ன வேல குடுக்கப் போறீரு?"

"கயிறு பிடிக்கிற வேல."

ராயப்பன் சிரித்தான். கித்தேரியான் சிரிக்கவில்லை. படகில் அவன் தானாகவே போனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிடுவான். யாரும் சொல்லவில்லை. அதை நான் பார்த்து வைத்துக்கொண்டேன். மறந்தவன் அப்படிச் செய்ய மாட்டான்.

ஜெசி அந்தப் பேனிக் பேச்சைப் பேசியது இதற்குப் பிறகுதான். அவளுக்குக் கடலில் முதல் இறக்கம் அடுத்த சனிக்கிழமை. காரில் போகும்போது சொன்னேன்.

"கீழ போய் மிஸ் பக்கத்துல நின்ன பொறவு, கயித்த நாலு தடவ இழு. நல்லா இழு."

"ஒய்?"

"மாமாவுக்கு ஒரு வேடிக்க."

"ப்ராங்க்கா? அப்பா, நீங்களா?" என்று சிரித்தாள். வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சிரிப்பு முழுசாகக் கேட்டது.

6

கரைக்கு எதிரே ஒரு பாறைத் தீவு உண்டு. அதன் உள்பக்கம் படகை நிறுத்தினேன். ஆழம் குறைவு, நீரோட்டம் இல்லை. அடியில் ஈயக்கட்டி கட்டிய கயிற்றை இறக்கினோம். படிக்கிறவர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். மேல் நுனியை மிதவையில் கட்டுவது முறை. அன்று கட்டவில்லை. கித்தேரியானிடம் நீட்டினேன்.

"மிதவ இருக்குல்லா, மாப்ள?"

"மருமவ இறங்குதா. தாய்மாமன் கை வேணும்."

என்னைப் பார்த்தான். வாங்கினான். உள்ளங்கையில் ஒரு சுற்று சுற்றிப் பிடித்தான். ஊரில் பிடிக்கிற பிடி.

ஜெசிக்குப் பாடம் சொல்கிறவர் மேரிசெல், பிலிப்பைன்ஸ்காரர். ஜெசியின் ஜாக்கெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறங்கினார். அதை நான் உறுதி செய்துகொண்டேன். நான் முட்டாள் இல்லை. குமிழிகள் வந்தன. மேரிசெல்லின் குமிழி நிதானமாக வரும். ஜெசியின் குமிழி பொடிப்பொடியாக, அவசரமாக வந்தது. அதிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு கித்தேரியானின் தோள் அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

"மாப்ள, இழுக்கா."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, நாலு இழுத்துட்டா வே."

அவன் கயிற்றை வாரத் தொடங்கினான். நான் அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"எத்தன?"

"நாலு. கைய விடும்."

"சரியா எண்ணினீரா?"

"நாலுதான் வே. பிள்ள கீழ கெடக்கா, நீரு என்ன நெனச்சிக்கிட்டு..."

"அன்னைக்கு எத்தன?"

அவன் கை நின்றது. ராயப்பன் ஒரு சிலிண்டரைத் தூக்கியபடியே நின்றுவிட்டான்.

"பொறவு பேசுவோம், மாப்ள. மொதல்ல பிள்ளய..."

"அன்னைக்கு எத்தன?"

"நாலு."

"ராயப்பனுக்குக் கேக்கல."

"நாலு. நாலு வே. ரெண்டு வாட்டி இழுத்தீரு. நான் கயித்தக் கம்பியில கட்டிட்டுப் போன்ல நின்னேன். கயிறு கம்பியில அடிக்கிறதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். ஒரு நிமிசம், பேசி முடிச்சிட்டுப் போவோம்னு நெனச்சிட்டேன். ஊருக்கு அனுப்பிருவாம்னு பயந்து மாத்திச் சொல்லிட்டேன். போதுமா. கைய விடும்."

அவன் பார்த்தான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை, அதனால்தான் வரவில்லை என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்.

அதனால் கையை இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். அவன் என்னைத் தள்ளினான். சட்டையோடு குதிக்க ஒரு காலைத் தூக்கிப் படகு விளிம்பில் வைத்தான். வாய் மாதாவைக் கூப்பிட்டது. எனக்கு எவ்வளவு நேரம் இருந்ததோ அவ்வளவு நேரம் அவனுக்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன். பிறகு சொன்னேன்.

"குமிழியப் பாரும்."

பார்த்தான். பொடிக்குமிழி ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அவனுக்கும் குமிழி படிக்கத் தெரியும். அப்படியே படகின் தரையில் உட்கார்ந்துவிட்டான். கயிறு மட்டும் கையில் சுற்றியபடி இருந்தது. அதை விடவில்லை.

ராயப்பன் சிலிண்டரை மெதுவாக இறக்கி வைத்தான்.

7

ஜெசி ஏறி வந்ததும் சிரித்தாள். "மாமா, ஃபீல் பண்ணீங்களா? நாலு தடவ." அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போனது.

"என்னாச்சு?"

"மாமாகிட்ட கேளு," என்றேன்.

அவன் சொன்னான். தரையில் உட்கார்ந்தபடியே சொன்னான். "உங்கப்பா பயப்படல மக்ளே. கூப்பிட்டாவ. நாந்தான் போகல." அவளுக்குப் புரியும்படி இரண்டு தடவை சொன்னான். நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடியோடு அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். முடி எல்லாம் தண்ணீர் சொட்டியது.

"அப்புறம் ஏன் மாமா என்கிட்ட பொய் சொன்னீங்க?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, என்னை யூஸ் பண்ணிட்டீங்க."

"ஆமா."

கரை வரும்வரை அவள் பேசவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை. இப்போதும் என்னோடு அளந்துதான் பேசுகிறாள். ஆனால் பேனிக் என்ற வார்த்தை வீட்டில் வருவதில்லை. ஸ்கூபாவையும் விடவில்லை. அவளிடம் நான் தீர்க்க வேண்டியதை அவளிடம் தீர்த்துக்கொள்கிறேன். அது வேறு.

நான் வீட்டுக்குப் போகுமுன் ராயப்பனின் வாய் போய்ச் சேர்ந்துவிட்டது. ரெஜினா கதவைத் திறந்தாள்.

"இப்ப மனசு ஆறிட்டா?"

"இல்ல."

அவள் சோறு போட்டாள். அண்ணனுக்கு வைக்கும் தட்டை அன்று அவள் எடுத்து வைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

கித்தேரியான் வேலையை விடுவான் என்று நினைத்தேன். விடவில்லை. விட்டால் விசா இல்லை. தினமும் வருகிறான். நான் தினமும் கயிற்றை மிதவையில் கட்டாமல் அவன் கையில் கொடுக்கிறேன். தேவை இல்லை, மேரிசெல்கூடக் கேட்டுவிட்டார். எங்கள் ஊர் வழக்கம் என்று சொன்னேன்.

போன வாரம் ஆட்கள் கீழே இருந்தபோது, கயிற்றை ராயப்பனிடம் கொடுத்துவிட்டு என் அருகே வந்தான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. என் இடது பக்கம் வந்து நின்றான். குனிந்து, காதோடு வாயை வைத்துப் பேச ஆரம்பித்தான். ரொம்ப நேரம் பேசினான். இடையில் கண்ணைத் துடைத்தான். நடுவில் ஒரு தடவை நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவன் மூச்சுக்காற்று மட்டும் காதில் பட்டது. வலது காதில் என்ஜின் சத்தம்.

பேசி முடித்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். எந்தக் காது என்று இன்னும் அவன் கேட்கவில்லை.

ராயப்பனிடமிருந்து கயிற்றை வாங்கி, கித்தேரியான் கையில் கொடுத்தேன்.